நூடுல்ஸ்காரரின் ஆபீஸைத் தேடி

1986-இல் ஜப்பானில் வந்த 'மெட்ராய்ட்' என்ற வீடியோ கேமை ஆடி முடித்தால் திரையில் பெயர்கள் ஓடும். நம்மூர்த் தியேட்டரில் ஜனங்கள் குனிந்து செருப்பைத் தேடுகிற நேரத்தில் ஓடுமே, அந்த மாதிரி. ப்ரோகிராம் எழுதியவர்களில் ஒருவர் பெயர் ஜாரு சோபாஜிமா. ஜப்பானியச் சாப்பாட்டுக் கடைக்குப் போய் வந்தவர்களுக்கு இங்கே பொறி தட்டும். 'ஜாரு சோபா' என்பது மூங்கில் தட்டில் ஆறவைத்துப் பரிமாறுகிற நூடுல்ஸ். அதாவது ஒரு சாஃப்ட்வேர் இன்ஜினியர் ஊர் உலகத்துக்குத் தன்னை 'இடியாப்பத்தட்டு ராமன்' என்று அறிவித்துக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் இன்னொருவர்: ஜிபிஇசட் செங்கோகு. ஜிபிஇசட் என்பது கவாசாகி கம்பெனியின் மோட்டார் பைக். 'புல்லட் பாண்டியன்' என்று வைத்துக்கொள்ளுங்கள். இசை, ஹிப் தனாகா. ஹிரோகாசு தனாகா என்ற அந்த நல்ல மனிதர் பாதிப் பெயரையாவது நிஜமாக விட்டுவைத்தார்.

இவர்கள் தலைமறைவுக் குற்றவாளிகள் இல்லை. கியோட்டோவில் நின்டெண்டோ கம்பெனியில் ஒழுங்காக மாதச் சம்பளம் வாங்கியவர்கள். அந்தக் காலத்து ஜப்பானிய கேம் கம்பெனிகளுக்கு ஒரு பயம் இருந்தது: நம் ஆள் கெட்டிக்காரன் என்று வெளியே தெரிந்தால் பக்கத்துக் கம்பெனிக்காரன் கொத்திக்கொண்டு போய்விடுவான். ஆகவே பெயர் போடாதே. போட்டே தீர வேண்டுமென்றால் நூடுல்ஸ் பெயர் போடு.

டிவியில் ஆடுகிற கேம்களாவது தேவலை. சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகிற பழைய கேம்களில் நூடுல்ஸ் பெயர்கூடக் கிடையாது. பெட்டியில் கம்பெனி பெயர், அடியில் பேட்டரி போடும் விதம், அவ்வளவுதான். அதனால் நான் தேடியது ஆளை இல்லை, ஆபீஸை. எந்த அறையில், எந்த மேஜையில் உட்கார்ந்து இவற்றைச் செய்தார்கள்? விசாரித்துப் போனால் எல்லாக் கால்தடமும் ஒரே வாசலில் போய் முடிகிறது. வாசலில் பெயர்ப்பலகை: ஆர் அண்ட் டி 1. ஆராய்ச்சி, மேம்பாடு, முதலாம் பிரிவு. ரேஷன் கடை எண் மாதிரி ஒரு பெயர்.

அந்த அறையின் கதை 1965-இல் தொடங்குகிறது. நின்டெண்டோ அப்போது சீட்டுக்கட்டுக் கம்பெனி. 1889 முதல் ஹனஃபுடா என்ற பூப்படம் போட்ட சீட்டுகளை அச்சடித்து வந்தது. முதலாளி ஹிரோஷி யமாவுச்சி. தாத்தா படுத்துவிட்டார் என்று இருபத்துச் சொச்ச வயதில், கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டு 1949-இல் நாற்காலியில் உட்கார்ந்தவர். உட்காரும்போதே, சொந்தக்காரன் ஒருத்தனும் கம்பெனியில் இருக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டதாகச் சொல்வார்கள். பிற்பாடு அமெரிக்கக் கிளைக்குத் தலைவராகச் சொந்த மருமகனை அனுப்பினார். நிபந்தனைகள் இளமையில் போடுவது; மருமகன் பின்னால் வருவது. நடுவில் டாக்ஸி ஓட்டிப் பார்த்தார், சட்டென்று வேகும் சோற்றுப் பொட்டலம் விற்றுப் பார்த்தார். ஒன்றும் சரியாக வேகவில்லை.

இப்படிப்பட்ட இடத்துக்குத்தான் குன்பெய் யோகோய் என்ற எலக்ட்ரானிக்ஸ் பட்டதாரி வந்து சேர்ந்தார். வேலை, சீட்டு அச்சடிக்கும் மெஷின்களைப் பராமரிப்பது. மெஷின்கள் ஒழுங்காக ஓடின. அதாவது யோகோய்க்கு வேலையே இல்லை. பொழுது போகாமல் பட்டறையில் ஒரு மரக் கை செய்தார். இந்த முனையில் பிடியை அழுத்தினால், பெருக்கல் குறிகளாகக் கோத்த கட்டைகள் நீண்டு அந்த முனையில் இருப்பதைக் கவ்வும். அதை வைத்து விளையாடிக்கொண்டிருந்தபோது ரவுண்ட்ஸ் வந்த முதலாளி பார்த்துவிட்டார். மேலே கூப்பிட்டார். வேலை போச்சு என்று நினைத்துப் போனவரிடம், இதைப் பண்டிகைக்குள் விற்பனைச் சரக்காக்கு என்றார். 1966-இல் 'அல்ட்ரா ஹேண்ட்' வந்தது. பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. ஆபீஸ் நேரத்தில் விளையாடி மாட்டிக்கொண்டு பதவி உயர்வு வாங்கியவர் உலக வரலாற்றிலேயே குறைவு.

அடுத்து 1969-இல் 'லவ் டெஸ்டர்'. ஆணும் பெண்ணும் கைகோத்துக்கொண்டு ஆளுக்கொரு உலோக உருண்டையைப் பிடித்தால், உடம்பில் ஓடும் இத்துனூண்டு மின்சாரத்தை அளந்து காதல் எவ்வளவு என்று முள் காட்டும். பெண்களின் கையைப் பிடிக்க ஒரு சாக்கு வேண்டியிருந்தது என்று அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டார். விஞ்ஞானம் எப்படியெல்லாம் வளர்ந்திருக்கிறது பாருங்கள்.

அப்புறம் ஒளித்துப்பாக்கி. அதற்கு வேண்டிய ஒளிமின்கலம் விற்க ஷார்ப் கம்பெனியிலிருந்து மசாயுகி உயெமுரா என்றொருவர் வந்துபோனார். சரக்கையும் வாங்கிக்கொண்டு ஆளையும் உள்ளே போட்டுக்கொண்டார்கள். கொத்திக்கொண்டு போய்விடுவான் என்று பயந்து நூடுல்ஸ் பெயர் வைத்த கம்பெனியின் பயத்துக்கு மூலகாரணம் புரிகிறதா? தன் கையைத் தானே பார்த்திருக்கிறது.

பிள்ளைகள் பெருகியதும் குடும்பம் பிரிந்தது. முதலாம் பிரிவு யோகோய்க்கு. இரண்டாம் பிரிவு உயெமுராவுக்கு. மூன்றாவது கென்யோ தகேதாவுக்கு. நான்காவதாக வந்த கூட்டத்தில் ஷிகெரு மியாமோதோ என்ற ஓவியப் பிள்ளை. ஒரே கூரை, தனித்தனி அடுப்பு. யமாவுச்சிக்கு இதுதான் வசதி; பங்காளிகள் ஒருவரையொருவர் முந்தப் பார்த்தால் வீட்டுக்கு வருமானம்.

இனி ரயில். யோகோய் புல்லட் ரயிலில் போனபோது, எதிரே ஒரு சம்பளக்காரர் அலுப்பில் கால்குலேட்டரை எடுத்துப் பட்டன்களை அமுக்கிக்கொண்டிருந்தாராம். கணக்கு ஒன்றும் இல்லை, சும்மா. பெரிய மனுஷன் பொது இடத்தில் வெட்கமில்லாமல் விளையாட ஒரு சின்னச் சாமான் இருந்தால் எப்படி இருக்கும் என்று யோகோய்க்குத் தோன்றியது. தோன்றியதோடு கதை முடிந்திருக்கும். ஆனால் ஒருநாள் முதலாளியின் டிரைவருக்கு உடம்பு சரியில்லை. முதலாளியுடையது காடிலாக், இடதுபக்கம் ஸ்டீரிங். அந்த மாதிரி வண்டி ஓட்டத் தெரிந்தவர் ஆபீஸில் யோகோய். பிரிவுத் தலைவரை டிரைவராக்கிவிட்டார்கள். வண்டி ஓட்டுகிறவன் சும்மா வருவானேன் என்று வழியில் கால்குலேட்டர் கதையைச் சொன்னார். முதலாளி 'ம்' கொட்டினாரே தவிர காது கொடுத்த மாதிரித் தெரியவில்லை. அவர் போய்ச் சேர்ந்த கூட்டத்தில் பக்கத்து நாற்காலி ஷார்ப் தலைவருக்கு. ஒரு வாரம் கழித்து ஷார்ப்பின் பெரிய தலைகள் நின்டெண்டோ வாசலில் வந்து நின்றபோதுதான், 'ம்' கொட்டினவர் அத்தனையையும் கேட்டிருக்கிறார் என்று யோகோய்க்குத் தெரிந்தது. இது அவரே சொன்ன கதை. சாதாரணமாக இப்படிப்பட்ட கதைகளை நான் பாதிதான் நம்புவேன். டிரைவர் லீவு போட்ட பகுதியை முழுசாக நம்புகிறேன்.

ஷார்ப்புக்கும் இது பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. காசியோவோடு கால்குலேட்டர் சண்டை போட்டுப் போட்டு விலை தரைமட்டத்துக்கு வந்திருந்தது. எல்சிடி திரையும் சில்லும் மலிவு. யோகோய்க்கு அதுதான் வேண்டும். புதுத் தொழில்நுட்பத்தைத் துரத்தாதே, எல்லோரும் சக்கையாகப் பிழிந்து விலை விழுந்துபோனதை எடுத்து, யாரும் யோசிக்காத இடத்தில் பயன்படுத்து என்பது அவர் சித்தாந்தம். இதற்கு ஜப்பானில் தத்துவார்த்தமான பெயர் உண்டு. நம் வீடுகளில் இதைப் பழைய சோற்றில் வடாம் போடுவது என்பார்கள்.

1980 ஏப்ரல் 28-இல் முதல் 'கேம் அண்ட் வாட்ச்' வந்தது. பெயர் 'பால்'. விலை 5,800 யென். ஒரு பொம்மை மனிதன் பந்துகளை மாற்றி மாற்றித் தூக்கிப்போட்டுப் பிடிப்பான். மூடியைக் கழற்றிப் பார்த்தால் அது கால்குலேட்டரேதான். கால்குலேட்டரில் '8' என்ற எண்ணுக்கு ஏழு கோடுகள், முன்கூட்டியே திரையில் இருக்கும். தேவையானது மட்டும் கறுக்கும். இங்கே கோடுகளுக்குப் பதிலாகக் கை, கால், பந்து. பந்து பறப்பதே இல்லை. அங்கங்கே வரிசையாக நிற்கிற பந்துகள் முறை வைத்துக் கறுக்கின்றன, அவ்வளவே. நமக்குத்தான் பறக்கிறது. போதாததற்கு ஓரத்தில் மணியும் காட்டியது, கடிகாரம் வாங்கினேன் என்று வீட்டில் கணக்குச் சொல்ல.

இதற்குள் ஒரு வில்லங்கம். திரைக்கு மேலுள்ள மூடி லேசாக ஒட்டினால் வானவில் மாதிரி வளையங்கள் தெரிந்தன. நியூட்டன் வளையம் என்று பள்ளிக்கூடத்தில் படித்து மறந்தது. கடைசியில் கண்ணுக்குத் தெரியாத பொடிப் புள்ளிகளை அச்சடித்து இரண்டுக்கும் நடுவே இடைவெளி உண்டாக்கித் தப்பித்தார்கள். சீட்டு அச்சடித்த பரம்பரை. கடைசியில் அச்சுதான் கைகொடுத்தது.

செய்தவர்கள்? சதோரு ஒகாதா, தகேஹிரோ இசுஷி, மகோதோ கானோ, மசாவோ யமாமோதோ. விரல் விட்டு எண்ணிவிடலாம். யோசனை ஒருவர், சர்க்யூட் ஒருவர், பொம்மை வரைவது ஒருவர். சம்பளக்காரர்களுக்கென்று செய்ததைப் பள்ளிப் பிள்ளைகள் பிடுங்கிக்கொண்டார்கள். 1991 வரை உலகம் முழுக்க 4 கோடியே 34 லட்சம் விற்றது. எதிலும் இவர்கள் பெயர் இல்லை.

1982-இல் வந்த 'டாங்கி காங்' மாடலைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இரண்டு திரை, பெட்டி மாதிரி மடங்கும். காசு போட்டு ஆடுகிற மூல மெஷினில் இருந்த நெம்புகோலை வைத்தால் மூட முடியாது. நான்கு திசைக்கும் சேர்த்து ஒரே கூட்டல்குறிப் பட்டனை வைத்தார்கள். பேடண்ட்டில் இச்சிரோ ஷிராய் என்ற பெயர் இருக்கிறது. பேடண்ட் அலுவலகத்தில் மட்டும் நூடுல்ஸ் பெயர் செல்லாது போலிருக்கிறது. அடுத்த வருஷம் இரண்டாம் பிரிவு ஃபேமிகாம் என்ற டிவி கேம் கருவியைச் செய்தபோது இந்தக் கூட்டல்குறியைக் கைமாற்றாக வாங்கிக்கொண்டு போனது; திருப்பித் தரவே இல்லை. இன்றைக்கு உங்கள் கைக்குக் கிடைக்கும் பெரும்பாலான கேம் கன்ட்ரோலர்களில் இடது கட்டைவிரலுக்குக் கீழே அதையோ அதன் சாயலையோ பார்க்கலாம்.

ஒரு சொந்தக் கதை. எங்கள் காலத்தில் தெருவோரக் கடைகளில் '9999 இன் 1' என்று பிரிக் கேம் விற்றது. ஒன்று வாங்கி, கோடை விடுமுறை முழுக்க உட்கார்ந்து எண்ணினேன். எட்டு கேம் தேறியது. மீதி 9,991-ம் அதே எட்டின் வேகம் மாறிய அவதாரங்கள். ஆனால் அந்தத் திரையும் இதே ஜாதிதான்: கட்டங்கள் முன்பே இருக்கும், முறை வைத்துக் கறுக்கும். யோகோயின் பழைய சோறு சுற்றிச் சுற்றி எங்கள் தெருமுனைக்கும் வந்திருக்கிறது. அந்தப் பெட்டியில் செய்தவர் பெயர் மட்டுமில்லை, கம்பெனி பெயரும் இல்லை.

கேம் பாய்க்கு வருவோம். உலகம் முழுக்க யோகோயை 'கேம் பாயின் தந்தை' என்கிறது. டிஎன்ஏ பரிசோதனை செய்தால் விவகாரம் வேறு. யோகோய்க்கு வேண்டியது கேம் அண்ட் வாட்ச்சுக்கு ஒரு தம்பி: மலிவாக, எளிமையாக, ஒரு பொம்மை. அவருக்கு அடுத்த நாற்காலியில் இருந்த ஒகாதாவுக்கு வேண்டியது கையில் பிடிக்கிற ஃபேமிகாம்: கார்ட்ரிட்ஜ் மாற்ற வேண்டும், வெளியாட்களும் கேம் எழுத வேண்டும், பல வருஷம் ஓட வேண்டும். தினம் சண்டை. கடைசியில் யோகோய் சலித்துப்போய், உன் இஷ்டப்படி செய்துகொள் என்கிற மாதிரிச் சொல்லிவிட்டார். இதை ஒகாதா பிற்காலத்தில் பேட்டியில் சொன்னார். நம் ஆபீஸ்களில் மேலதிகாரி 'உன் இஷ்டம்' என்றால் அது மிரட்டல். ஒகாதா அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டார். நல்ல வேளை.

ஆனாலும் மலிவு பார்க்கிற யோகோய் புத்தி உள்ளே தங்கிவிட்டது. கறுப்பு வெள்ளை கூட இல்லை. கீரைக்கடைசல் நிறத்தில் நான்கு சாயல்கள். திரை 160-க்கு 144 புள்ளி. 8 கிலோபைட் நினைவகம். உள்ளுக்குள் வைத்த குறிப்பெயர் 'டாட் மேட்ரிக்ஸ் கேம்', சுருக்கமாக டிஎம்ஜி. ஜப்பானிய மொழியில் 'தாமே' என்றால் உருப்படாதது. பங்காளிகள் சும்மா இருப்பார்களா? 'தாமே கேம்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். தமிழில் 'தண்ட கேம்'.

தண்டமாகத்தான் ஆகியிருக்கும். மாதிரித் திரையை முதலாளியிடம் கொண்டுபோய்க் காட்டினால், அவர் கொஞ்சம் சாய்ந்து பார்த்துவிட்டு ஒன்றும் தெரியவில்லையே என்றார். நேரே மூக்குக்கு எதிரே பிடித்தால்தான் படம். இம்மி நகர்ந்தால் மாயம். முதலாளி சாய்ந்து உட்கார்கிறவர். திட்டத்தையே நிறுத்து என்கிற அளவுக்குப் போய்விட்டது. யோகோய்க்குத் தூக்கமும் போய், சாப்பாடும் போய், ஆள் துரும்பானார். அப்புறம் எஸ்டிஎன் என்ற வேறு ரகத் திரை கிடைத்து உயிர் வந்தது.

1989 ஏப்ரல் 21-இல் 12,500 யெனுக்கு விற்பனை. போட்டியாளர்கள் கலர் திரையோடு வந்தார்கள். அடாரியின் லிங்க்ஸ், சேகாவின் கேம் கியர். சேதி கேட்ட யோகோய், திரை கலரா என்று மட்டும் விசாரித்தாராம். கலர்தான் என்றதும் நிம்மதியாகிவிட்டார். கேம் கியர் ஆறு பேட்டரியைச் சில மணி நேரத்தில் சப்பித் துப்பியது. கீரைக்கடைசல் நான்கு பேட்டரியில் பத்து மணி நேரத்தைத் தாண்டி ஓடியது. அழகான மாப்பிள்ளைக்குச் சாப்பாட்டுச் செலவு ஜாஸ்தி.

கூடவே வந்த கேம் 'சூப்பர் மாரியோ லேண்ட்'. மாரியோ மியாமோதோ வீட்டுப் பிள்ளை. ஆனால் இந்த கேமை முதலாம் பிரிவு மியாமோதோ இல்லாமல் செய்தது. இயக்கம் ஒகாதா, தயாரிப்பு யோகோய். பெரியப்பா வீட்டில் கோடை விடுமுறைக்கு விட்ட பிள்ளை எப்படித் திரும்பி வருமோ அப்படி வந்தான் மாரியோ. வழக்கமாக ஆமையை மிதித்தால் ஓட்டுக்குள் ஒடுங்கும், உதைத்து விளையாடலாம். இங்கே மிதித்தால் ஓடு வெடிக்கிறது. நெருப்புப் பந்துக்குப் பதில் சுவரில் பட்டுத் திரும்புகிற ரப்பர் பந்து. ஒரு உலகத்தில் பிரமிடு, ஒன்றில் ஈஸ்டர் தீவின் கல் தலைகள், ஒன்றில் சீனா. நடுவே மாரியோ நீர்மூழ்கி ஓட்டுகிறான், விமானம் ஓட்டிச் சுடுகிறான். வில்லன் டட்டாங்கா, வேற்றுக்கிரகவாசி. சிறைப்பட்டவள் வழக்கமான இளவரசி இல்லை, டெய்ஸி என்று புதுப் பெண். மியாமோதோ வீட்டில் இதைப் பார்த்து என்ன சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தாலே எனக்குச் சிரிப்பு. 1.8 கோடி விற்றதால் சபையில் யாரும் வாயைத் திறந்திருக்க மாட்டார்கள்.

என் தேடலுக்கு வேண்டியது இதன் கடைசியில் இருக்கிறது. பன்னிரண்டு கட்டங்களையும் தாண்டினால் பெயர்கள் ஓடுகின்றன. நூடுல்ஸ் இல்லை. ஜி.யோகோய், எஸ்.ஒகாதா, எம்.யமாமோதோ, எச்.தனாகா. நம் சர்க்கார் ஆபீஸ் பெயர்ப்பலகை மாதிரி முதலெழுத்தும் குடும்பப்பெயரும். அதில் ஒரு வரி: 'அமிதா: எம்.யமனாகா'. அமிதா என்பது பதவியா, கடவுளா என்று ரொம்ப நாள் குழம்பினேன். கட்டத்துக்குக் கட்டம் நடுவே ஏணிப்படி மாதிரிக் கோடு போட்டுப் பரிசு தருகிற சின்ன விளையாட்டு வருமே, அந்த வகைச் சீட்டுக் குலுக்கலுக்கு ஜப்பானில் அமிதாகுஜி என்று பெயர். அந்த ஏணியைச் செய்தவருக்குத் தனி வரி! கம்பெனி முழுக்க உழைத்த பலருக்குக் கிடைக்காத மரியாதை ஏணிக்காரருக்குக் கிடைத்திருக்கிறது.

டெட்ரிஸைப் பற்றி எல்லோரும் எழுதியாயிற்று. மாஸ்கோ, உரிமைச் சண்டை, ஹெங்க் ரோஜர்ஸ், அமெரிக்கக் கேம் பாய் பெட்டிக்குள்ளேயே அதைப் போட்டுக் கொடுத்தது. நான் சேர்ப்பது ஒன்றுதான்: மூன்றரைக் கோடி விற்ற அந்தக் கேம் பாய் வடிவத்தைச் செய்ததும் இதே முதலாம் பிரிவு.

இந்த இடத்தில் துப்பறிகிறவனுக்கு ஒரு சறுக்கல். 'உள்குழு, உள்குழு' என்று தேடிக்கொண்டே போனால், உள்ளே இருப்பவர்களில் பாதிப் பேர் வெளியாட்கள். கேம் பாய் காலத்தில் முதலாம் பிரிவோடு சேர்ந்து நிரல் எழுதிய இன்டெலிஜென்ட் சிஸ்டம்ஸ் சட்டப்படி தனிக் கம்பெனி. ஆனால் பல வருஷம் குடித்தனம் நின்டெண்டோ கட்டடத்திலேயே. வீட்டு மனுஷனா வாடகைக்காரனா என்று கேட்டால் இரண்டு பேரும் சிரிப்பார்கள். அதற்கும் முன்னால், 1981-இல் காசு போட்டு ஆடுகிற டாங்கி காங் மெஷினுக்கு நிரல் எழுதிக்கொடுத்தது இகெகாமி சுஷின்கி என்ற டிவி கேமரா கம்பெனி. அந்த உறவு கோர்ட் படியேறி முடிந்தது.

எல்லாவற்றுக்கும் மேலே 'தோஸே'. 1979-இல் தொடங்கிய கியோட்டோ கம்பெனி. அடுத்தவர்களுக்கு கேம் செய்து கொடுத்துவிட்டுப் பெயர் போடாமல் போய்விடுவது அதன் தொழில். ஆயிரத்துக்கும் மேல் செய்திருக்கிறது. எங்களுக்கென்று தனி நோக்கு கிடையாது, வாடிக்கையாளர் நோக்கே எங்கள் நோக்கு என்பதுதான் கொள்கை. கல்யாணத்துக்குச் சமைத்துவிட்டுப் பந்தியில் உட்காராமல் போகிற சமையல்காரர் மாதிரி. முதலாம் பிரிவின் 'கிட் இகரஸ்' கேம் பாய் பதிப்பிலும், பழைய கேம் அண்ட் வாட்ச்களைத் தொகுத்த 'கேலரி' வரிசையிலும் அதன் கை இருக்கிறது. பங்குச்சந்தைப் பட்டியலில் தோஸே பெயரைப் பார்க்கலாம். கேமில் பார்ப்பது கஷ்டம்.

1992-இல் முதலாம் பிரிவு பழி தீர்த்தது. 'சூப்பர் மாரியோ லேண்ட் 2' செய்யச் சொல்லி மறுபடி மியாமோதோ வீட்டுப் பிள்ளையை இடுப்பில் ஏற்றிவிட்டார்கள். எத்தனை நாளைக்குத்தான் அடுத்த வீட்டுக் குழந்தைக்கே மூக்கு சிந்துவது? ஹிரோஜி கியோதாகே பேனாவை எடுத்து ஒரு குண்டனை வரைந்தார். கோணல் மீசை, பேராசைக் கண், மாரியோவின் அதே உடை வேறு கலரில். பெயர் வாரியோ. 'வாருய்' என்றால் ஜப்பானிய மொழியில் கெட்டது. கதையைக் கேளுங்கள்: மாரியோ முதல் பாகத்தில் வெளியூர் போயிருந்தானே, அந்தச் சமயம் பார்த்து இவன் அவன் கோட்டையைப் பிடித்துக்கொண்டான். அடுத்தவர் பாத்திரத்தை வைத்து வேலை செய்கிற எரிச்சல்தான் அப்படி வெளிவந்தது என்று சொல்வார்கள். 1994-இல் வந்த மூன்றாம் பாகத்தில் கதாநாயகனே வாரியோ. தலைப்பில் 'வாரியோ லேண்ட்' பெரிதாக, 'சூப்பர் மாரியோ லேண்ட் 3' பொடியாக. ஆபீஸ் அரசியலில் இவ்வளவு வெளிப்படையான கோட்டை பிடிப்பு நான் பார்த்ததில்லை.

எதிர்த்தரப்பும் சும்மா இல்லை. மியாமோதோ பக்கத்து ஆட்கள் சிலர் வேலை நேரம் முடிந்ததும், கேம் பாய் கருவியை வைத்துக்கொண்டு யாரும் கேட்காமலே மியாமோதோவின் 'செல்டா' வரிசையில் ஒரு கேமைச் செய்து பார்த்தார்கள். அது 1993-இல் 'லிங்க்ஸ் அவேக்கனிங்' ஆனது. அல்ட்ரா ஹேண்டிலிருந்தே பார்க்கிறேன், இந்தக் கம்பெனியில் உத்தரவு போட்டு வந்த நல்ல சரக்கைவிடத் திருட்டுத்தனமாக வந்த நல்ல சரக்கே அதிகம்.

கடைசிவரை அப்படித்தான். யோகோய்க்குப் பின் முதலாம் பிரிவுக்குத் தலைவரானவர், கேம் அண்ட் வாட்ச் கால இசுஷி. அவரிடம் சொல்லாமலே கீழே சில பையன்கள் ஐந்து ஐந்து விநாடியில் முடிகிற குட்டி கேம்களைச் செய்துகொண்டிருந்தார்கள். மூக்குச் சளியை உறிஞ்சுவதும் அதில் ஒரு கேம். 2003-இல் அது 'வாரியோவேர்' என்று வந்து சக்கைப்போடு போட்டது. கதைப்படி வாரியோ கேம் கம்பெனி வைத்து, ஆட்களை வேலை வாங்கிவிட்டுக் காசை அமுக்கப் பார்க்கிறான். தங்களைப் பற்றித்தான் எழுதினார்களா என்று நான் கேட்க மாட்டேன். ஓரிரண்டு வருஷத்தில் கம்பெனி மறுசீரமைப்பு என்று பிரிவுகளைக் கலைத்து அடுக்கியது. முதலாம் பிரிவு என்ற பெயர்ப்பலகை இறங்கியது.

ஒகாதா வன்பொருள் பக்கம் போய் கேம் பாய் அட்வான்ஸ், டிஎஸ் வரை செய்தார். டிஎஸ்ஸுக்கு இரண்டு திரை வையுங்கள் என்று பிடிவாதம் பிடித்தது, பதவியை விட்டிறங்கிய கிழவர் யமாவுச்சி என்று ஒகாதா சொல்லியிருக்கிறார். யாருக்கும் பிடிக்கவில்லையாம். 1982 டாங்கி காங் பெட்டியை நினைத்துக்கொண்டு கேட்டிருக்கிறார் பெரியவர். டிஎஸ் 15 கோடிக்கு மேல் விற்றது. சாய்ந்து உட்கார்ந்து பார்த்தாலும் அவருக்குத் தெரிய வேண்டியது தெரிந்திருக்கிறது.

யோகோயை நடுவழியில் விட்டுவிட்டேன். 1995-இல் 'விர்ச்சுவல் பாய்' செய்தார். முகத்தைப் புதைத்துக்கொண்டு பார்க்க வேண்டிய சிவப்புத் திரை, தலைவலி இலவசம். உலகம் முழுக்க 7.7 லட்சம்தான் விற்றது. சுருட்டிக் கட்டிவிட்டார்கள். கேம் பாயை ஒல்லியாக்கிய 'பாக்கெட்' மாடல் வெளிவந்த கையோடு, 1996 ஆகஸ்ட் 15-இல் முப்பத்தோரு வருஷ வேலையை விட்டார். கியோட்டோவிலேயே 'கோடோ' என்று சொந்தமாகச் சின்ன கம்பெனி வைத்து, பந்தாய் நிறுவனத்துக்காகப் புதுக் கையடக்கக் கருவியில் இறங்கினார். 1997 அக்டோபர் 4-இல் நெடுஞ்சாலை விபத்தில் இறந்துபோனார். வயது 56.

அந்தக் கருவி 'வொண்டர்ஸ்வான்' என்ற பெயரில் 1999 மார்ச் 4-இல் வந்தது. கறுப்பு வெள்ளைத் திரை, விலை 4,800 யென், ஒரே ஒரு பேட்டரி. அன்றைக்கே கூட வந்த கேம்களில் ஒன்று, கோடுகளை இணைக்கிற புதிர். முப்பது வருஷம் செய்த எந்தப் பொம்மையின் அட்டையிலும் பெயர் போட்டுக்கொள்ளாதவரின் பெயர்தான் அதற்குத் தலைப்பு: 'குன்பெய்'. முதலெழுத்தாக இல்லை, முழுசாக.